குழந்தைத்தனமான, சிறுபிள்ளைத்தனமான, மழலை, பச்சிளம்: எதை எங்க போடுறது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மலேசியாவுல பட்டர்வொர்த்துல வீட்டுலயே வார இறுதியில தமிழ் டியூஷன் எடுக்குறேன். அதோட நம்ம ஆளுங்களோட கல்யாண கார்டு, தொட்டில் விழா கார்டு, கோயில் நோட்டீஸ் எல்லாம் பிரிண்டுக்குப் போறதுக்கு முன்னாடி எனக்கு வாட்சாப்புல ஒரு தடவை வந்துட்டுத்தான் போகும். பிள்ளைங்க சம்பந்தப்பட்ட வார்த்தைங்கதான் அதுல அதிகமா மாட்டுது. அம்மாமாரு கேக்குறதும் அதையேதான், அஞ்சாம் படிவத்துப் பிள்ளைங்க கேக்குறதும் அதையேதான், அதனால கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டு பதிலையும் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன். இனிமே கேக்குறவங்களுக்கு இதையே அனுப்பிடுவேன்.

டீச்சர், 'குழந்தைத்தனமான' அப்படிங்கிறது திட்டுற வார்த்தையா, கொஞ்சுற வார்த்தையா?

ரெண்டுக்கும் போகும். ஆனா சும்மா தனியா சொன்னா குறை சொல்ற பக்கம்தான் சாயும். "குழந்தைத்தனமான சிரிப்பு"ன்னு எழுதுனா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, "குழந்தைத்தனமான முடிவு"ன்னு எழுதுனா முடிவு எடுத்தவரு உங்களோட பேச மாட்டாரு. பின்னாடி வர்ற பெயர்ச்சொல்லைப் பாருங்க. சிரிப்பு, முகம், ஆசை, ஆர்வம் இதெல்லாம் வந்தா பாசம். முடிவு, வாதம், பிடிவாதம், சண்டை வந்தா குறை. 'பேச்சு' மட்டும் நடுவுல நிக்கும், முன்னாடி பின்னாடி வர்ற வரியைப் பாத்துத்தான் சொல்ல முடியும்.

இன்னொன்னு, யாரைப் பத்திச் சொல்றோம்ங்கிறது. இந்த வார்த்தை பெரியவங்களுக்குன்னே உண்டானது. வளந்த ஒருத்தர்கிட்ட குழந்தையோட குணம் தெரியுதுன்னாத்தான் அதைச் சொல்றதுக்கே அர்த்தம் இருக்கு. இதை ஞாபகத்துல வச்சுக்குங்க, கீழ பல இடத்துல திரும்ப வரும்.

குழந்தைத்தனம், சிறுபிள்ளைத்தனம், ரெண்டும் ஒன்னுதானே அக்கா? எதைப் போட்டா என்ன?

ஒன்னு இல்ல. 'சிறுபிள்ளைத்தனமான' நேரா திட்டுறது, அதுல கொஞ்சல் ஒரு துளி கூட கிடையாது. "சிறுபிள்ளைத்தனமான சிரிப்பு"ன்னு எழுதிப் பாருங்க, ஏதோ சீரியஸான மீட்டிங்ல ஒருத்தன் பொறுப்பில்லாம சிரிச்ச மாதிரி ஆயிடும். நம்ம பழமொழியே இருக்கே, சிறுபிள்ளை இட்ட வெள்ளாமை வீடு வந்து சேராதுன்னு. அந்த 'சிறுபிள்ளை' அனுபவம் இல்லாதவன், பின்னாடி என்ன வரும்னு யோசிக்காதவன். அந்த அர்த்தம்தான் 'தனம்' சேந்ததுக்கு அப்புறமும் கூடவே வருது.

வாயால பேசும்போது "சின்னப்புள்ளத்தனமா இருக்கு"ன்னு சொல்றோம்ல, அது கொஞ்சம் லேசு, சிரிச்சுக்கிட்டே சொல்லலாம். அதையே எழுத்துல "சிறுபிள்ளைத்தனமான செயல்"னு போட்டா கடுமையாயிடும். சங்கத்துல கடுதாசி எழுதுறவங்க இதைக் கவனிக்கணும், வாட்சாப்புல சிரிப்போட போன விஷயம் லெட்டர்ஹெட்ல போனா பொதுக்கூட்டத்துல வந்து நிக்கும்.

'தனமான'வா 'தனமாக'வா? பிள்ளை மாத்தி மாத்தி எழுதுறான்

பின்னாடி பெயர் வந்தா 'ஆன', வினை வந்தா 'ஆக'. குழந்தைத்தனமான பேச்சு, குழந்தைத்தனமாகப் பேசினான். அவ்வளவுதான் விதி. பள்ளியில பெயரடை, வினையடைன்னு சொல்லிக் குடுத்திருப்பாங்க, அதேதான்.

மார்க் போறது இதுல இல்ல, ஒற்றுலதான். என் மேசையில இருக்குற ஒரு கட்டுரை நோட்டுல ஒரு வரி: "அவனுடைய குழந்தைத்தனமானப் பேச்சைக் கேட்டு அனைவரும் குழந்தைத்தனமாக சிரித்தனர்." ரெண்டு ஒற்றும் இடம் மாறிக் கிடக்கு. 'ஆன' பெயரெச்சம், அதுக்குப் பின்னாடி வல்லினம் மிகாது, அதனால குழந்தைத்தனமான பேச்சு. 'ஆக'வுக்குப் பின்னாடி மிகும், அதனால குழந்தைத்தனமாகச் சிரித்தனர். பாதிப் பிள்ளைங்க இதைத் தலைகீழாத்தான் எழுதுதுங்க, ஏன்னா 'ஆனப்' அப்படின்னு ஒரு அழுத்தம் குடுத்து வாசிச்சா எழுத்துத் தமிழ் மாதிரி கம்பீரமா கேக்குது போல.

குழந்தைதனம், குழந்தைத்தனம், குழந்தைத் தனம், எது சரி?

நடுவுல இருக்குறது, குழந்தைத்தனம். 'தனம்' ஒட்டு, தனியா நிக்காது, அதனால இடம் விடக்கூடாது. இடம் விட்டா 'தனம்' செல்வம்ங்கிற அர்த்தத்துக்குப் போயிடும். 'த்' வேணும், சோம்பேறித்தனம், திருட்டுத்தனம் மாதிரி. முட்டாள்தனத்துல மட்டும் ஏன் 'த்' இல்லன்னு கேப்பீங்க. அங்க முன்னாடி இருக்குறது 'ள்', மெய்யெழுத்துல முடியுது, அதனால அங்க இரட்டிக்காது.

அதே மாதிரி 'சிறுப்பிள்ளை'ன்னு எழுதுறாங்க, தப்பு. சிறுகதை, சிறுதேர், சிறுபிள்ளை. 'சிறு'வுக்குப் பின்னாடி இந்த மாதிரி இடத்துல ஒற்று மிகாது. ஆனா பேச்சுல வர்ற 'சின்னப்பிள்ளை'யில மிகும். ரெண்டையும் கலந்துதான் சிறுப்பிள்ளை பொறந்துச்சு.

என் பையனுக்கு ஆறு வயசு. 'ரொம்ப குழந்தைத்தனமா நடந்துக்கிறான்'னு டீச்சருக்கு எழுதலாமா?

எழுதலாம், யாரும் கைது பண்ண மாட்டாங்க, ஆனா அந்த வரியில விஷயமே இல்ல. முதல் பதில்ல சொன்ன மாதிரி அது வளந்தவங்களுக்கான வார்த்தை. ஆறு வயசுப் பிள்ளை குழந்தை மாதிரி இருக்கான்னா அவன் சரியாத்தானே இருக்கான்?

உங்களுக்கு என்ன கவலையோ அதை எழுதுங்க. வயசுக்கு மீறி அழுறானா, பேச்சு இன்னும் தெளிவா வரலையா, டாய்லெட் சொல்லத் தெரியலையா, தம்பி பொறந்ததுல இருந்து திரும்ப பால் பாட்டில் கேக்குறானா. "வயதுக்கேற்ற முதிர்ச்சி இல்லை"ன்னு ஒரு வரி போட்டு அதுக்கு உதாரணம் ஒன்னு எழுதுனா டீச்சருக்குப் புரியும். பிள்ளைகிட்ட நேரா "சின்னப்புள்ளத்தனமா இருக்காதே"ன்னு சொல்றதும் எனக்குப் பிடிக்காது, அவன் சின்னப்புள்ளதான, வேற எப்படி இருப்பான்.

பாராட்டணும் டீச்சர். எங்க தாத்தாவுக்கு எழுபதாவது பொறந்தநாள், 'குழந்தைத்தனமான மனிதர்'னு பேனர்ல போடலாமா?

வேண்டாம். பேனரைப் பாக்குற பாதிப் பேரு தாத்தாவுக்கு என்னமோ ஆச்சுன்னு நெனைப்பாங்க. "குழந்தை உள்ளம் கொண்டவர்", "குழந்தை மனசுக்காரர்", "கள்ளங்கபடம் இல்லாதவர்", "சூதுவாது தெரியாதவர்" இதெல்லாம் பாராட்டு. 'குழந்தை'க்குப் பின்னாடி உள்ளம், மனசு, சிரிப்புன்னு ஒன்னு வந்துட்டா பாதுகாப்பு. 'வெள்ளந்தி' நல்ல வார்த்தைதான், ஆனா அதுல லேசா ஏமாளிங்கிற வாசனையும் இருக்கு, கடை வச்சு ஓஹோன்னு நடத்துன தாத்தாவா இருந்தா அதை விட்டுருங்க.

இங்கிலீஷ்ல இதுக்குன்னே சைல்டிஷ், சைல்ட்லைக்னு ரெண்டு தனித்தனியா வச்சிருக்காங்க, முன்னது குறை, பின்னது பாராட்டு. ஸ்கூல்ல மொழிபெயர்ப்பு குடுத்தா பின்னதுக்கு 'குழந்தை போன்ற'ன்னு போடுங்க, முன்னதுக்கு இடத்தைப் பாத்து மேல சொன்ன 'தனமான' ரெண்டுல ஒன்னு.

ஆன்லைன்ல பேபி சாமான் விக்கிறேன் அக்கா. ஃபோன்ல மொழிபெயர்த்தா 'குழந்தைத்தனமான ஆடைகள்'னு வருது, சரியா?

தயவுசெஞ்சு போட்டுராதீங்க. அது 'பெரியவங்க போட்டா சிரிப்பு வர்ற ஆடை'ன்னு ஆயிடும். குணத்தைச் சொல்றதுக்குத்தான் 'தனம்'. பொருள் யாருக்குன்னு சொல்றதுக்கு வெறும் 'குழந்தை' போதும், பக்கத்துல ஒட்டி வச்சா அதுவே பெயரடை மாதிரி வேலை செய்யும். குழந்தை ஆடை, குழந்தை உணவு, இல்லன்னா விரிச்சு 'குழந்தைகளுக்கான ஆடைகள்', 'கைக்குழந்தைகளுக்கான சோப்பு'. கடை போர்டுல 'பேபி சோப்பு'ன்னே போட்டாலும் யாரும் ஒன்னும் சொல்லப் போறதில்ல.

ஆனா இந்த ஒட்டி வைக்கிற விஷயத்துல ஒரு கண்ணி இருக்கு, அது எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். 'குழந்தை'ய முன்னாடி வச்சா, பின்னாடி வர்றது குழந்தைக்கானதா, இல்ல குழந்தையேவான்னு தமிழ் சொல்லாது, கேக்குறவங்கதான் புரிஞ்சுக்கணும். குழந்தைத் தொழிலாளர்னா தொழிலாளரே குழந்தை. குழந்தை நட்சத்திரம்னா நடிக்கிறதே குழந்தை. ஆனா அழ. வள்ளியப்பாவைக் குழந்தைக் கவிஞர்னு சொல்றோம், 1922ல பொறந்து 1989ல மறைஞ்ச பெரியவரு, குழந்தைகளுக்குப் பாட்டு எழுதுனதால அந்தப் பேரு. அவரை யாராவது குழந்தைத்தனமான கவிஞர்னு சொன்னா எப்படி இருக்கும்னு யோசிங்க, இந்த ஒரு உதாரணத்துலயே முழு வித்தியாசமும் வந்துடுது.

அதனால சந்தேகம் வர்ற இடத்துல விரிச்சு எழுதுங்க. 'குழந்தை எழுத்தாளர்'னு ஒரு நிகழ்ச்சி நோட்டீஸ்ல போட்டா பத்து வயசுப் பொண்ணு வந்து பேசப்போகுதுன்னு கூட்டம் வரும், வர்றது நரைச்ச தலையா இருக்கும். 'குழந்தைகளுக்கு எழுதுபவர்'னு போட்டா வம்பு இல்ல. டாக்டருக்கும் அப்படித்தான், குழந்தை நல மருத்துவர்னு நடுவுல 'நல' போடுறது அழகுக்கு இல்ல.

பச்சிளம் குழந்தை, கைக்குழந்தை, சிசு, இதுக்கெல்லாம் வயசுக் கணக்கு இருக்கா?

ஆஸ்பத்திரியில கணக்கு இருக்கு. பொறந்து முதல் 28 நாள் வரைக்கும் ஒரு பேரு, ஒரு வயசு முடியிற வரைக்கும் இன்னொரு பேரு. தமிழ்ல அந்த 28 நாளுக்கு 'பச்சிளம்' கச்சிதமாப் பொருந்தும். மஞ்சள் காமாலை பாக்க நர்ஸ் வீட்டுக்கு வர்றாங்கல்ல, அந்த வயசு. பசுமையும் இளமையும் சேந்த சொல்லு, பச்சைக் குழந்தை, பச்சை உடம்புக்காரின்னு வீட்டுல சொல்ற அதே பச்சைதான். மூணு வயசுப் பிள்ளை காணாமப் போன செய்தியில 'பச்சிளம் பாலகன்'னு போடுறது பரிதாபத்துக்காக இழுக்குறது, கணக்குப்படி பொருந்தாது.

கைக்குழந்தைன்னா தூக்கி வச்சிருக்கணும், நடக்க ஆரம்பிச்சா அந்தப் பேரு போச்சு. 'சிசு' வீட்டுல யாரும் பேசுறதில்ல, சிசு மரணம், சிசுக்கொலைன்னு செய்தியிலயும் புள்ளிவிவரத்துலயும்தான் வரும், அதனால நல்ல காரியக் கார்டுல அந்த வார்த்தையே வேண்டாம். 'சேய்' தாயோட சேந்துதான் வரும், தாய் சேய் நலம். நம்ம கவர்மெண்ட் கிளினிக் ரெக்கார்டு புத்தகத்துல மலாய்ல பாயி, கானாக்-கானாக்னு ரெண்டா பிரிச்சுப் போட்டிருப்பாங்க. பாயிக்குக் கைக்குழந்தை, கானாக்-கானாக்குக்குச் சிறுவர் இல்ல சிறார்னு வச்சுக்கலாம்.

நடை பழகுற வயசுக்கு அழகான சொல்லு ஒன்னு இருக்கு, தளர்நடை. தடுமாறித் தடுமாறி வைக்கிற நடை. முக்காவாசிப் பேரு 'தளிர்நடை'ன்னு எழுதுறாங்க, இலைத் தளிர் ஞாபகத்துல. பழைய பாட்டுங்கள்ல வர்றது தளர்நடைதான். பிள்ளைத்தமிழ் பாடுனவங்க குழந்தையோட வளர்ச்சியைப் பத்துப் பருவமாப் பிரிச்சாங்க, தலையசைக்கிறது செங்கீரை, கைதட்டுறது சப்பாணின்னு ஒவ்வொன்னுக்கும் தனிப்பேரு. தொட்டில் விழா கார்டுக்கு வார்த்தை தேடுறவங்க இணையத்துல கெடைக்கிறதைக் காப்பி பண்றதை விட அங்க போய்ப் பாக்கலாம்.

மழலைன்னா பேச்சா, பிள்ளையா?

மொதல்ல பேச்சு. திருக்குறள் 66வது குறள்ல 'மழலைச்சொல்'னுதான் வருது, குழலும் யாழும் இனிதுன்னு சொல்றவங்க தம் பிள்ளையோட மழலையைக் கேக்காதவங்கன்னு. எழுத்து முழுசா உருளாம வர்ற அந்தப் பேச்சு. பிற்பாடு அந்தப் பேச்சைப் பேசுற பிள்ளைக்கே பேராயிடுச்சு, மழலைச் செல்வம், மழலையர்.

தமிழ்நாட்டுல மழலையர் பள்ளிங்கிறாங்க, இங்க நம்ம பக்கம் பாலர் பள்ளி. ரெண்டும் ஒன்னுதான். வீட்டுல பேசும்போது தாடிக்கா, இன்னும் சின்னதுங்களுக்கு தாஸ்கா. கட்டுரையில பாலர் பள்ளின்னு எழுதுங்க, இங்க திருத்துறவங்களுக்கு அதுதான் பழக்கம். ஒற்று மறக்காதீங்க: மழலைப் பேச்சு, மழலைக் குரல். வளந்தவங்க பேச்சை 'மழலைத் தமிழ்'னு சொன்னா, இப்பத்தான் கத்துக்கிறாங்க, தப்புத் தப்பாப் பேசுனாலும் கேக்க நல்லா இருக்குன்னு அர்த்தம். வேற இனத்து டீச்சர் மேடையில தமிழ்ல ரெண்டு வரி பேசுனா அப்படித்தான் பாராட்டுவாங்க, அதுல குறை இல்ல.

டாக்டர் ரிப்போர்ட்டுல 'இன்ஃபன்டைல்'னு இருக்கு. டிக்‌ஷனரியில 'சிறுபிள்ளைத்தனமான'ன்னு போட்டிருக்கு, பயமா இருக்கு

பயப்பட வேண்டாம், டிக்‌ஷனரி ரெண்டாவது அர்த்தத்தை எடுத்துக் குடுத்திருக்கு. டாக்டர் எழுதுனா அது வெறும் வயசு, கைக்குழந்தைப் பருவத்துல வர்றதுன்னு அர்த்தம், திட்டே இல்ல. லத்தீன்ல இன்ஃபன்ஸ்னா இன்னும் பேச்சு வராததுன்னு பொருள், அங்க இருந்துதான் அந்தச் சொல்லு வந்துச்சு. தோல்ல ஸ்ட்ராபெரி மாதிரி செவப்பா வர்ற ஹீமேஞ்சியோமாவுக்கும் முன்னாடி அதே அடை போடுவாங்க, வயித்து வலியில மணிக்கணக்கா அழுற காலிக்குக்கும் போடுவாங்க. 'இன்ஃபன்டைல் ஸ்பேசம்'னு இருந்தா மட்டும் மொழியைப் பத்தி என்கிட்ட கேட்டுட்டு நிக்காம அன்னைக்கே டாக்டர்கிட்ட பேசுங்க, அது வலிப்பு வகை, தாமதம் பண்ணக்கூடாது.

தமிழ்ல இதுக்கு நல்ல முன்மாதிரி ஏற்கனவே இருக்கு. போலியோவுக்கு இங்கிலீஷ்ல பழைய பேரு இன்ஃபன்டைல் பராலிசிஸ், நம்மாளுங்க அதை இளம்பிள்ளை வாதம்னு சொன்னாங்க. 'தனமான' கிட்டயே போகல பாருங்க. மலேசியா 2000ல போலியோ இல்லாத நாடுன்னு பேரு வாங்குச்சு, 1992க்கு அப்புறம் ஒரு கேஸும் இல்லாம இருந்து 2019 டிசம்பர்ல சபா துவாரான்ல 3 மாசக் குழந்தைக்கு வந்துச்சு. அப்ப நிறைய பேரு இளம்பிள்ளை வாதம்னா வேற ஏதோ புது நோய்னு நெனைச்சாங்க, ரெண்டும் ஒன்னுதான்.

அரசியல் எழுத்துல வந்தா வேற கதை. லெனின் 1920ல எழுதுன ஒரு புத்தகத்தோட தலைப்புல இந்தச் சொல்லு வருது, தமிழ்ல அதை 'இளம்பருவக் கோளாறு'ன்னு மொழிபெயர்த்தாங்க. அங்க திட்டும் இருக்கு, வளர்ச்சியோட ஆரம்பக் கட்டம்ங்கிற அர்த்தமும் இருக்கு, ரெண்டையும் காப்பாத்திட்டாங்க.

மலாய்ல 'கெபுடாக்-புடாக்கான்'னு ஒன்னே ஒன்னு வச்சு முடிச்சுர்றாங்க. 'மஞ்சா'வுக்குத் தமிழ் என்ன?

கெபுடாக்-புடாக்கான், கெஅனாக்-அனாக்கான்னு ரெண்டு இருக்கு அங்கயும். மொதல்ல சொன்னது பெரும்பாலும் நம்ம சிறுபிள்ளைத்தனம் மாதிரி குறைதான்.

மஞ்சாவுக்கு ஒரே வார்த்தையில பதில் இல்ல, இங்க பொறந்து வளந்த நாம அதை அப்படியே தமிழ்ல போட்டுப் பேசிட்டே இருக்கோம், "ரொம்ப மஞ்சா பண்றா"ன்னு. பிள்ளை மடியில வந்து விழுந்து சிணுங்குனா 'கொஞ்சுறா', 'செல்லம் கொண்டாடுறா'. கேட்டதெல்லாம் வாங்கிக் குடுத்துக் கெட்டுப்போனா 'செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கு'. பொண்டாட்டி புருஷன்கிட்ட மஞ்சா பண்ணா 'சிணுங்கல்', 'கொஞ்சல்'. கட்டுரையில மட்டும் இப்படிப் பிரிச்சு எழுதிக்குங்க, வீட்டுல மஞ்சாவே இருக்கட்டும், அதை யாரு கேள்வி கேக்கப் போறா.

கட்டுரையில பிஞ்சு, பால்மணம் மாறாத, தளிர்க்கரம் எல்லாம் போட்டா மார்க் கூடுமா?

ஒன்னு போட்டா கூடும், அஞ்சு போட்டா திருத்துறவரு களைச்சுப் போயிடுவாரு. 'பிஞ்சு விரல்கள் என் சட்டையைப் பிடித்தன'ன்னா படம் தெரியுது. 'பால்மணம் மாறாப் பச்சிளம் பிஞ்சு மழலையின் தளிர்க்கரம்'னு எழுதுனா குழந்தையே காணோம். பாயசத்துல சீனி கொட்டுற கதைதான்.

'பால்மணம் மாறாத' ஜாக்கிரதை. நிஜக் குழந்தைக்குச் சொன்னா பாசம். பதினேழு வயசுப் பையனுக்குச் சொன்னா கிண்டல், அதாவது உனக்கு இன்னும் ஒன்னும் தெரியாதுன்னு. 'பிஞ்சு' துக்கச் செய்தியிலயும் அதிகமா வருது, 'பிஞ்சு உயிர் பறிபோனது'ன்னு. அதுக்காகவே பொறந்தநாள் கார்டுல சிலருக்கு உறுத்தும், எனக்கும் லேசா உறுத்தும்தான், ஆனா 'பிஞ்சுப் பாதம்'னா பரவால்ல.

பதினாறு வயசுப் பிள்ளையைக் 'குழந்தை'ன்னு செய்தியில போடுறாங்களே, அது குழந்தைத்தனமா இல்லயா?

சட்டத்துல அப்படித்தான். நம்ம நாட்டு 2001ஆம் வருஷத்து சிறார் சட்டப்படி 18 வயசுக்குக் கீழ எல்லாரும் கானாக்-கானாக். அதைத் தமிழ்ல 'குழந்தை'ன்னு போட்டா மீசை மொளைச்ச பையனுக்கு ஒட்டாது, அதனாலதான் பத்திரிகைக்காரங்க 'சிறார்'னு போடுறாங்க. அது நல்ல வார்த்தை, கொஞ்சலும் இல்ல, திட்டும் இல்ல. கதை, பாட்டு, போட்டின்னா 'சிறுவர்': சிறுவர் இலக்கியம், சிறுவர் பாட்டு. சிறுவர் இலக்கியம்னா குழந்தைத்தனமா எழுதுறதுன்னு நெனைச்சு எழுதுறவங்களும் இருக்காங்க, அதைப் படிக்கச் சொன்னா பிள்ளைங்களே ஓடிடுதுங்க.

யானைக்கு, அணிலுக்கு எல்லாம்?

யானைக் கன்று, யானைக்குட்டி, ரெண்டும் போகும். அணில்பிள்ளை, கீரிப்பிள்ளை, ஏன் தென்னம்பிள்ளை வரைக்கும் 'பிள்ளை' போகுது. தொல்காப்பியம் இளமைப் பேரு ஒன்பது சொல்லுது, பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. பரீட்சைக்கு வேணும்னா மனப்பாடம் பண்ணுங்க, பேச்சுக்குக் குட்டி போதும்.

தலைவர் எடுத்த முடிவு நிஜமாவே சிறுபிள்ளைத்தனமா இருக்கு. சங்கக் கூட்டத்துல மரியாதையா எப்படிச் சொல்றது?

ஆளோட ஒட்டாதீங்க, காரியத்தோட ஒட்டுங்க. 'தலைவரின் சிறுபிள்ளைத்தனமான முடிவு'ன்னா தலைவரையே சொன்ன மாதிரி. 'இந்த முடிவு இன்னும் கொஞ்சம் யோசிச்சு எடுத்திருக்கலாம், ஐயா' அப்படின்னா அதே விஷயம், ஆனா அவரு பதில் சொல்ல வழி இருக்கு. எழுத்துலன்னா 'பக்குவமற்ற', 'முதிர்ச்சியற்ற', 'அவசரத்தில் எடுக்கப்பட்ட'ன்னு போகலாம். இதுல 'முதிர்ச்சியற்ற' கூட வயசுல மூத்தவருக்குச் சொன்னா சுருக்குன்னு தைக்கும், 'அவசர முடிவு'தான் எனக்குத் தெரிஞ்சு பாதுகாப்பு. 'விளையாட்டுத்தனமான' கொஞ்சம் லேசு, ஆனா காசு சம்பந்தப்பட்ட விஷயத்துல அதைப் போட்டா நக்கலாப் போயிடும்.

அப்பாவுக்கு மறதி நோய். எல்லாரும் 'குழந்தையாயிட்டாரு'ன்னு சொல்றாங்க. டாக்டருக்கு எழுதிக் குடுக்கும்போது 'குழந்தைத்தனமான நடத்தை'ன்னு போடட்டுமா?

போடாதீங்க. சொந்தக்காரங்க வாயில வர்றது பாசத்துல வர்றது, அதைத் தடுக்க வேண்டியதில்ல. ஆனா எழுத்துல அந்த அடை அவரு வேணும்னே பண்றாருங்கிற மாதிரி காட்டும், டாக்டருக்கும் அதுல இருந்து ஒன்னும் தெரியாது. என்ன நடக்குதோ அதை எழுதுங்க: சாப்பிட்டு அரை மணி நேரத்துல திரும்பச் சோறு கேக்குறாரு, சாயங்காலம் ஆனா பழைய வீட்டுக்குப் போகணும்னு செருப்பை மாட்டுறாரு, பேரனோட பொம்மைக்குச் சண்டை போடுறாரு. இது ஒவ்வொன்னும் அவங்களுக்கு ஒரு தகவல்.

வீட்டுலயும் ஒன்னு கவனிங்க. சில பேரு அவருகிட்ட மழலையிலயே பேச ஆரம்பிச்சுர்றாங்க, "மம்மு சாப்பிடுறியா"ன்னு. அவருக்கு மறதிதான், வெக்கம் போயிடல. "சாப்பிடுறீங்களாப்பா"ன்னு கேட்டாலே புரியும். சாமான் வாங்கும்போதும் 'பெரியவங்க டயப்பர்'னு சொல்லிக் கேளுங்க, கடைக்காரருக்கும் அதுதான் பழக்கம்.

கல்யாண கார்டுல 'பேபி சித்தி', 'குட்டி மாமா'ன்னு பேரு போடச் சொல்றாங்க. மாமாவுக்கு அறுபது வயசு. இது குழந்தை அடையா, எடுத்துடவா?

எடுத்துடாதீங்க, வீட்டுல பெரிய சண்டை ஆயிடும். அது அடையா இருந்தது அவரு தொட்டில்ல கெடந்த காலத்துல, இப்ப அது பேரு. அழைக்கிறவங்க பட்டியல்ல ஐசியில, அதாவது அடையாள அட்டையில இருக்குற பேரை மொதல்ல போட்டு, பக்கத்துல 'குட்டி மாமா'ன்னு போடுங்க. இல்லன்னா கார்டு வாங்குன பாதிச் சொந்தத்துக்கு அது யாருன்னே தெரியாது.